செம்பூத்துப்பட்டிக்கு வழி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை முளைக்காத பையனாக இருக்க வேண்டும் என்று எங்கும் சட்டம் கிடையாது. தேனியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்த அலுவலகத்தில் குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் ஜான்சிராணி. முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். சீடர் சௌந்தரபாண்டிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

அங்கே நடந்தது இணையத்துக்குக் கட்டுரை எழுதும் வேலை. உடம்புக்கு வந்தால் என்ன செய்யலாம், எந்த ஊரில் என்ன விசேஷம் என்று ஜனங்கள் செல்போனில் எதைத் தேடுவார்களோ அதை எழுதி, டீச்சர் நடத்திய இணையதளத்தில் போடுவார்கள். படிக்க ஆள் வர வேண்டும். அதைவிட முக்கியம், மற்ற தளக்காரர்கள் "முழு விவரம் இங்கே இருக்கிறது" என்று நம் பக்கத்துக்கு லிங்க் கொடுத்து வழிகாட்ட வேண்டும். லிங்க் சேரச் சேரத்தான் தேடுகிறவர் கண்ணில் நம் கட்டுரை முதலில் படும். அந்தத் தொழிலின் சூட்சுமம் அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரைக்கு எழுதியவர் பெயர் போட மாட்டார்கள். "ஆசிரியர் குழு" என்றுதான் இருக்கும். ஒருவருக்குப் பெயர் போடுவதாக இருந்தால் டீச்சர் அவரை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியைத் தாண்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். தாண்டாதவர்கள் அது என்ன கேள்வி என்று வெளியே சொன்னதில்லை.

சௌந்தரபாண்டி மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு சில வருடம் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா இருக்கும் ஆம்பளையை வீடு எப்படி நடத்தும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயருக்குப் பக்கத்தில் உத்தியோகம் போட்டிருந்தது. இவர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பத்திரிகை வைக்கப் போன வீட்டிலெல்லாம் அந்த வெற்றிடம்தான் அவர் கண்ணில் பட்டது.

டீச்சரிடம் சேர்ந்த பிறகு மனுஷன் உசிரைக் கொடுத்து எழுதினார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஒன்று பற்றிக்கொண்டது. "மஞ்சள் காமாலைக்கு இலவச மருந்து: செம்பூத்துப்பட்டிக்குப் போவது எப்படி?" என்று தலைப்பு. பஸ் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, பச்சைக் கதவு போட்ட வீடு, செவ்வாயும் ஞாயிறும் மருந்து, வெறும் வயிற்றில் போக வேண்டும், வைத்தியர் காசு வாங்க மாட்டார், மூன்று வேளையில் கண் வெளுத்துவிடும் என்று அத்தனையும் அதில் இருந்தது. லிங்க் வந்து குவிந்தது. மகளின் மாமியார் வீட்டில் அதை எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்கள்.

சம்பந்திதான் ஒரு நாள் சும்மா கேட்டார். எல்லாம் சரி, இதில் உங்கள் பெயர் இல்லையே என்றார். அவர் மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. சௌந்தரபாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வேறு யாரும் வராத ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பார்த்து அலுவலகத்துக்குப் போனார். டீச்சர் மட்டும் இருந்தார்.

"டீச்சர், என் பேரை எப்பப் போடுவீங்க?"

"எந்தக் கட்டுரைக்குண்ணே?"

"செம்பூத்துப்பட்டிக்கு."

டீச்சர் டீயைக் கீழே வைத்தார். உட்காரச் சொன்னார். கேள்வியைக் கேட்டார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

தலைப்பு வைத்த விதம், சொற்களைப் பொறுக்கிய விதம் என்று எதையெதையோ கேட்பார் என்று தயாராக வந்திருந்த சௌந்தரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. ஊர் உலகமே சொல்கிறது, தேடினால் பத்துப் பதினைந்து தளத்தில் இருக்கிறது என்றார்.

"ஒண்ணைத் திறங்க."

திறந்தார். ஒரு சித்த மருத்துவப் பக்கம். செம்பூத்துப்பட்டி வைத்தியரைப் பற்றி நாலு பாரா. அடியில் "நன்றி" என்று ஒரு லிங்க். டீச்சர் அதைத் தொடச் சொன்னார். அது ஒரு சுற்றுலாத் தளத்துக்குப் போனது. அங்கேயும் ஒரு லிங்க். அது யாரோ ஒரு அம்மா வீட்டுக் குறிப்புகள் எழுதும் பக்கம். "மேலும் விவரத்துக்கு இங்கே" என்றிருந்ததைத் தொட்டார். சௌந்தரபாண்டியின் கட்டுரை வந்து நின்றது.

அவர் வேறொன்றைத் திறந்தார். அதுவும் நாலு இடம் சுற்றி அங்கேயே கொண்டுவந்து விட்டது. இன்னொன்று சுற்றக்கூட இல்லை, நேராக வந்தது. மற்றொன்றில் லிங்க்கே இல்லை, ஆனால் வரிக்கு வரி அவருடைய எழுத்து. அதில் அவர் விட்ட ஒரு தட்டச்சுப் பிழைகூட அப்படியே இருந்தது.

அவருக்குக் காது சுட்டது. மௌஸைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிவெட்டுற கடையில காத்துக்கிட்டிருந்தப்ப ஒருத்தர் பேசிக்கிட்டிருந்தாரு டீச்சர். செம்பூத்துப்பட்டியில யாரோ குடுக்கிறாங்களாம்னாரு."

"அவரு பேரு?"

"கேக்கல."

"பச்சைக் கதவு?"

கட்டுரையில் விவரம் இருக்க வேண்டும், விவரம் இருந்தால்தான் அடுத்தவன் லிங்க் கொடுப்பான் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்றார் சௌந்தரபாண்டி. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"சொன்னேன்," என்றார் டீச்சர். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மருந்து குடுக்கிற நாள். வாங்க, போய்ட்டு வந்துருவோம்."

பஸ் மலையடிவாரத்தை நெருங்கும்போதுதான் சௌந்தரபாண்டி மெல்ல வாயைத் திறந்தார். இதையெல்லாம் நம்பி யாரும் கிளம்பிப் போயிருக்க மாட்டார்கள், படித்துவிட்டுத் தள்ளிவிட்டிருப்பார்கள் என்றார்.

"நம்பணும்னுதானண்ணே எழுதினோம்," என்றார் டீச்சர்.

கொஞ்ச தூரம் போன பிறகு டீச்சரே பேசினார். பெயர் போடும் கட்டுரைக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டு வந்ததாகவும், பெயரில்லாமல் போகிறவற்றுக்குக் கேட்காமல் விட்டதாகவும் சொன்னார். இன்று காலை அவர் கட்டுரை திரையில் வந்து நின்றபோதுதான் அதில் தன் தப்பும் இருப்பது தெரிந்தது என்றார். சௌந்தரபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செம்பூத்துப்பட்டி சின்ன ஊர். நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை, எதிரே தண்ணீர்த் தொட்டி. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தகரப் போர்டு. பெயின்ட்டில் கையால் எழுதியிருந்தார்கள். "இந்த ஊரில் காமாலைக்கு மருந்து யாரும் கொடுப்பதில்லை. தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போகவும். இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்."

பெட்டிக்கடை ஒச்சம்மாளுடையது. நடுவயசுக்காரி, வாய் ஓயாதவள். இவர்களைப் பார்த்ததும் கேட்காமலே ஆரம்பித்துவிட்டாள். காமாலை என்றால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போங்கள் என்றாள். தாங்கள் நோயாளி இல்லை என்று டீச்சர் சொன்ன பிறகு கொஞ்சம் தணிந்தாள். எவனோ போனில் எழுதிவிட்டான், அன்றிலிருந்து ஊருக்கு நிம்மதி போயிற்று என்றாள். ஊரிலேயே பச்சைக் கதவு அவள் வீட்டுக்குத்தான். விடிகாலையில் வந்து தட்டுவார்களாம். இல்லை என்றால் நம்ப மாட்டார்களாம். காசு கொடுத்தால்தான் சொல்வாள் போல என்று நோட்டை நீட்டுவார்களாம்.

"கதவுக்கு வேற பெயின்ட் அடிச்சுட்டோம்," என்று கையைக் காட்டினாள். கடையை ஒட்டியிருந்த வீட்டுக் கதவு காப்பிக் கலரில் இருந்தது. கீல் ஓரத்தில் பழைய பச்சை தெரிந்தது.

கண்ணால் பார்க்காத கதவு ஒன்றுக்கு வாய்க்கு வந்த கலரைச் சொன்னவருக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததும் தலையைத் தூக்க முடியவில்லை.

"போர்டு வச்சிருக்கீங்களே," என்றார் டீச்சர்.

"அதையும் படிக்கிறாங்க. படிச்சிட்டு, போன்ல போட்டிருக்கே-ங்கறாங்க."

அதே பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அப்போதுதான் தொட்டியைத் தாண்டி மெதுவாக வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நடக்க முடியவில்லை. கடை வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை விலக்கி அண்ணாந்து பார்த்தபோது அவள் கண் மஞ்சளாக இருந்தது.

ஒச்சம்மாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். புருஷனிடம் போர்டைக் காட்டினாள். அவன் போர்டைப் படித்தான். பிறகு ஒச்சம்மாளை விட்டுவிட்டு, படித்தவர் போல் தெரிந்த சௌந்தரபாண்டியிடம் வந்து போனை நீட்டினான். பக்கம் பெரிதாக்கி வைத்திருந்தது. அவர் படிக்கத் தேவையில்லை.

"ஐயா, இந்தப் பச்சைக் கதவு வீடு எதுங்கய்யா?"

அப்படி ஒரு வீடு இல்லை, அதில் இருப்பது தப்பு என்றார் சௌந்தரபாண்டி.

"எப்படிங்கய்யா தப்பா இருக்கும்? எங்க ஏறணும் எங்க இறங்கணும்னு எம்புட்டு விவரமா போட்டிருக்காரு. நேர்ல பாக்காமலா எழுதுவாரு?"

அவன் அருப்புக்கோட்டைப் பக்கம். லோடு ஏற்றுகிற வேலை. பெரியாஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்திருந்தார்களாம். ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது, பல நாள் இருக்க வேண்டும் என்றார்களாம். நேற்று பக்கத்துக் கட்டில்காரர் இந்தக் கட்டுரையைக் காட்டினாராம். டாக்டர் திட்டத் திட்ட, ஆஸ்பத்திரியில் பேர் வெட்டி டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம். இதையெல்லாம் அவன் புகார் போலச் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்த ஆள் போலத்தான் சொன்னான். எவ்வளவு நேரமானாலும் இங்கேயே இருந்து வைத்தியரைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்றும் சொன்னான்.

வந்த பஸ் மேலே கடைசி ஊர் வரை போய்த் திரும்பும். அதை விட்டால் சாயங்காலம்தான். மலைப் பக்கம் அது இறங்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

சௌந்தரபாண்டி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஓடினால் இவன் இங்கேயே உட்கார்ந்திருப்பான் என்பதும் தெரிந்தது.

"அதை எழுதினது நான்தான்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்றெல்லாம் நினைத்திருந்தார். அவன் அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்களாய்யா? அப்ப வீடு உங்களுக்குத் தெரியும்ல. ஒரு எட்டு கூட்டிட்டுப் போய் விட்டுருங்கய்யா. பஞ்சு, எந்திரி. எழுதினவரே வந்திருக்காரு."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

செத்துவிடலாம் போல இருந்தது சௌந்தரபாண்டிக்கு. கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவன் விடவில்லை.

"தம்பி, அப்படி ஒரு வைத்தியர் இல்ல. நானா எழுதினேன். கதவு, கிழமை, கண்ணு வெளுக்கும்னு போட்டது, எல்லாம் நானா எழுதினது. இந்த ஊருக்கே நான் வந்தது கிடையாது. இன்னைக்குத்தான் வர்றேன்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையை விட்டான். போனைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒச்சம்மாள் இவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த கலர் சோடா பாட்டிலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

பஸ் வந்தது. புருஷன் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, பஞ்சு என்கிற பஞ்சவர்ணம் சௌந்தரபாண்டியைத் தாண்டிப் போனாள். படியில் கால் வைக்கும்போது நின்று திரும்பினாள்.

"பச்சைக் கதவுன்னு போட்டிருந்தீங்களே," என்றாள்.

அவளிடம் கோபம் இல்லை. அவள் அதைக் கேட்டது, வழி கேட்கிற மாதிரிதான் இருந்தது. சௌந்தரபாண்டி கையைக் கூப்பினார்.

பெரியாஸ்பத்திரி வரைக்கும் டீச்சர் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சௌந்தரபாண்டி கடைசி சீட்டில். அங்கே திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டீச்சர் அங்குமிங்கும் அலைந்தார். டாக்டர் திட்டினார். எந்தப் படுபாவி சொல்லிப் போனீர்கள் என்று கேட்டார். கதவோரம் நின்ற சௌந்தரபாண்டியைப் புருஷன் காட்டிக்கொடுக்கவில்லை. அதை அவர் தாங்க மாட்டாமல் வெளியே வந்துவிட்டார். உள்ளே அவளுக்குக் கையில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். இன்னும் காலம் கடந்துவிடவில்லை, ஆனால் ஒன்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாக டீச்சர் வந்து சொன்னார்.

இருவரும் காம்பவுண்டுச் சுவர் ஓரம் நின்றார்கள்.

"போனதும் அதை அழிச்சிடுறேன் டீச்சர். என்னையும் வேலையை விட்டு நிறுத்திருங்க."

"அழிச்சா?"

"யாரும் போக மாட்டாங்க."

"மத்தவங்க பக்கம் பத்துப் பதினஞ்சு இருக்குன்னு காலையில காட்டினீங்களே. அதுல லிங்க்கைத் தொட்டா எங்கண்ணே வரும்?"

சௌந்தரபாண்டி யோசித்தார். "நம்ம பக்கத்துக்கு."

"கிளம்பறதுக்கு முந்தி இன்னொரு தடவை விவரம் பாத்துக்குவோம்னு ஒருத்தன் வருவான். அவன் வந்து நிக்கிறப்ப அங்க வெறும் பக்கமா இருந்தா?"

அவருக்கு அந்தத் தகரப் போர்டு ஞாபகம் வந்தது. ஊர்க்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் வைத்தது. அதைப் படிக்கும்போது வந்தவர்கள் ஏற்கெனவே வீட்டை விட்டுக் கிளம்பி, பேர் வெட்டி, பஸ் ஏறி, பாதி உயிர் போய் வந்திருந்தார்கள்.

"அதே இடத்துல வேற எழுதணுமா?"

"ஆமாண்ணே."

"என்ன எழுத?"

"பஸ் ஸ்டாப்புல அந்த ஆளுகிட்ட என்ன சொன்னீங்களோ, அதை. ஒரு வார்த்தை கூட்ட வேணாம். லிங்க் குடுத்த எல்லாருக்கும் நானே எழுதிச் சொல்றேன்."

சம்பந்தி வீட்டில் அந்த லிங்க்கை எடுத்து வைத்திருக்கிறார்கள், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து காட்டுகிறார்கள் என்றார் சௌந்தரபாண்டி. மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்றார்.

"தெரியும்ணே."

"ஆசிரியர் குழுன்னு போட்டுக்கலாமா டீச்சர்?"

கேட்ட அவருக்கே அது அசிங்கமாக இருந்தது. எழுதினவரே வந்திருக்காரு என்று சொன்னபோது பஞ்சவர்ணத்தின் புருஷன் முகம் இருந்த விதம் கண் முன்னால் வந்தது. எழுதினவன் சொன்னதால்தான் அவன் திரும்பிப் போக பஸ் ஏறினான். ஊரே போர்டு எழுதி வைத்தும் ஏறாதவன்.

"சரி பாக்காம வெளியிட்டது நான்னு அடியில என் பேரு வரும்," என்றார் டீச்சர்.

"மேல?"

"காலையில கேட்டீங்களேண்ணே. இன்னைக்குப் போடுறேன்."